மாவுக்கட்டில் ஊர்ந்த எறும்புகள்

பாறையின் மேல் ஏறி, போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தால்தான் அந்த எஸ்டேட்டில் சிக்னல் கிடைக்கும். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு நான் ஏதோ வேண்டுதலில் நிற்பதாகத் தோன்றும். அன்றைக்கும் அப்படித்தான் நின்றுகொண்டிருந்தேன். மழை விட்டிருந்தது, மரங்கள் சொட்டுவதை விடவில்லை. செருப்புக்கடியில் பாசி வழுக்கியது.

போன் ஒருமுறை அதிர்ந்தது. மகள் ஹரிணி படம் அனுப்பியிருந்தாள்.

படத்தில் அவளுடைய இடது கால். முழங்காலுக்குக் கீழிருந்து பாதம்வரை மாவுக்கட்டு. கட்டின் பக்கவாட்டில் சிவப்புப் பேனாவால் எறும்புகள் வரைந்திருந்தாள். ஐம்பதுக்குக் குறையாது. ஒன்றின்மேல் ஒன்று ஏறி, ஒரே இடத்தில் மொய்த்துக் கிடந்தன. ஒவ்வொன்றுக்கும் ஆறு கால், இரண்டு மீசை. ஒன்றில்கூடக் குறை வைக்கவில்லை.

நான் சிரித்தேன். இதை மறைத்து எழுதினால் இந்த அத்தியாயத்தையே எழுத வேண்டியதில்லை. பாறைமேல் நின்று வாய்விட்டுச் சிரித்தேன். "சூப்பரா இருக்கு ஆத்தா, இன்னும் போடு" என்று குரல் பதிவு ஒன்றும் அனுப்பினேன்.

உட்கார்ந்திருக்கிற சோலி

நான் ஜீப் டிரைவர் என்பது இந்தத் தொடரை முதலிலிருந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். இந்த வாரம்தான் பக்கத்தைப் புரட்டினவர்களுக்கு ஒரு வார்த்தை. சிலமலையில் பிறந்தவன், போடியில் குடித்தனம். விடியும் நேரத்தில் ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகிற பெண்களை ஏற்றிக்கொண்டு மலை ஏறுவேன். அவர்களைத் தோட்டத்தில் இறக்கிவிட்டு நாலு மணிவரை காத்துக் கிடப்பேன். பிறகு கூட்டிக்கொண்டு இறங்குவேன். வண்டி ஓட்டுகிற நேரத்தைவிட ஓட்டாமல் உட்கார்ந்திருக்கிற நேரம்தான் அதிகம்.

"உனக்கென்னப்பா, மலைக்காத்து, ராசா மாதிரி உக்காந்திருக்க" என்பார்கள். வந்து ஒரு வாரம் உட்கார்ந்து பாருங்கள் என்பேன். பத்து மணிக்கு மேல் கடிகாரம் நகராது. மற்ற டிரைவர்கள் தூங்குவார்கள், சீட்டு போடுவார்கள். எனக்கு இரண்டும் வராது. சும்மா உட்கார்ந்தால் என் மனசு கெட்டதைத்தான் நினைக்கும். வீட்டில் கேஸை மூடினார்களா, ரோட்டில் மண் சரிந்திருக்குமா, காலையில் பிரேக்கில் ஏதோ சத்தம் வந்ததே என்று ஒன்று மாற்றி ஒன்று வரும். பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்பவர்கள் உண்டு. இத்தனை வருஷத்தில் என் ஜீப்பில் ஏறினவர்கள் எல்லாரும் முழுசாக இறங்கியிருக்கிறார்கள். பயம்தான் காரணம்.

அந்தக் கெட்ட நினைப்புகளுக்கு நான் கண்டுபிடித்த மருந்து, கிறுக்குவது. முதலில் பானெட்டின் தூசியில் விரலால் கிறுக்கினேன். பிறகு ஒரு கோடு போடாத நோட்டு வாங்கி டாஷ்போர்டில் வைத்தேன். படம் வரையத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் நான் போட்ட பசுவைப் பார்த்து டிராயிங் வாத்தியார், "நாய் நல்லாருக்குடா" என்றார். அதனால் தெரியாதவன் செய்யக்கூடிய வித்தைகளாகவே சேர்த்துக்கொண்டேன்.

கண்ணை மூடிக்கொண்டு பேனாவை இஷ்டத்துக்குச் சுழற்ற வேண்டும். கண்ணைத் திறந்து, அந்தச் சிக்கலுக்குள் யார் இருக்கிறார்கள் என்று தேட வேண்டும். ஒரு மூக்கோ வாலோ கட்டாயம் அகப்படும். அதற்கு ஒரு கண் வைத்தால் போதும், உயிர் வந்துவிடும். இன்னொன்று, தாளிலிருந்து கையை எடுக்காமல் ஒரே கோட்டில் ஜீப் போடுவது. நாலு சக்கரமும் முடிந்து ஸ்டெப்னிக்கு வரும்போது கோடு எங்காவது மாட்டிக்கொள்ளும். ஏல இலையைத் தாளுக்கு அடியில் வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் நரம்பு நரம்பாக மேலே வரும். அதில் சூப்பர்வைசரின் முகத்தைச் சேர்த்து ஒருநாள் மாட்டிக்கொண்டேன். அவர் மலையாளி. நோட்டை நிமிர்த்திப் பார்த்து, "எந்தா முருகேசா, இது ஞானோ?" என்றார். நானா இது என்று கேட்கிறார். இலை என்றேன். இலைக்கு எதற்கு மீசை என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். நல்ல மனுஷன்.

வாயை மூடு, கையை ஓட்டு

ஹரிணி விழுந்தது வாய்க்கால் கரையில், சைக்கிளிலிருந்து. கணுக்காலுக்கு மேலே எலும்பு விரிசல் விட்டிருந்தது. ஆறு வாரத்துக்கு மாவுக்கட்டு என்றார்கள். ஒன்பது வயசுப் பிள்ளையை ஆறு வாரம் கட்டிலில் வைப்பது எப்படி இருக்கும் என்று பிள்ளை பெற்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

என் மனைவி செல்வி ஏலக்காய் குடோனில் காய் தரம் பிரிக்கிறாள். முதல் வாரம் லீவு போட்டாள். அதற்குமேல் முடியவில்லை. மத்தியானம் ஓடி வந்து சோறு ஊட்டிவிட்டு ஓடுவாள். மற்ற நேரம் பக்கத்து வீட்டு மதினி எட்டிப் பார்த்துக்கொள்ளும். ஒரு பழைய போனை ஹரிணி கையில் கொடுத்திருந்தோம். அதில் நாள் முழுக்க எனக்குக் குரல் பதிவாக வரும். போரடிக்குதுப்பா. அரிக்குதுப்பா. எப்ப வருவ. போரடிக்குதுப்பா. பாறைமேல் ஏறினால் பதினைந்து, இருபது சேர்ந்து வந்து விழும். கீழே இறங்கி உட்கார்ந்தால் பிள்ளையின் குரல்தான் காதில் ஓடிக்கொண்டிருக்கும். ஏற்கெனவே பயந்தவன். என்னால் தாங்க முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வித்தைகளை எல்லாம் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். கண்மூடிக் கிறுக்கல், ஒரே கோட்டு ஜீப், இலை தேய்ப்பது. கறுப்பில் ஒன்றும் சிவப்பில் ஒன்றுமாகப் பேனா வாங்கித் தந்தேன். கட்டின்மேலும் வரையலாம் என்றதும் அவளுக்கு முகமெல்லாம் பல்லாகிவிட்டது. கடைசியில் ஒரு சட்டமும் போட்டேன்.

"இங்க பாரு ஆத்தா. சும்மா நச்சு நச்சுன்னு போன்ல சொல்லிக்கிட்டே இருக்கக் கூடாது. என்ன தோணுதோ அதை வரைஞ்சிரு. மத்தியானம் ஒரே ஒரு படம் அனுப்பு. அப்பா பாப்பேன்."

"அழுகை வந்தா?"

"அதையும் வரை."

"அரிச்சா?"

"அதையும்தான். வாயை மூடு, கையை ஓட்டு."

தலையாட்டினாள். என் மகள் சொன்ன சொல் தட்டாதவள். அன்றிலிருந்து குரல் பதிவு நின்றது. மத்தியானம் ஒரே ஒரு படம் வரும். ஜீப் பெண்களிடம் காட்டிப் பீற்றிக்கொண்டேன். பிள்ளை வளர்ப்பது பற்றி மற்ற டிரைவர்களுக்கு அறிவுரைகூடச் சொன்னேன்.

நல்ல காயாகப் பார்த்து

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

மூன்றாவது வாரம் கட்டுக்குள்ளிருந்து வேர்வை நாற்றம் வர ஆரம்பித்தது. பார்க்க வந்த பள்ளிக்கூடத்துத் தோழி ஒருத்தி மூக்கைச் சுளித்திருக்கிறாள். ஹரிணி கூசிப்போய்ப் போர்வையால் காலை மூடிக்கொண்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் ஊரில் நாற்றம் என்றால் கை தானாக ஏலக்காய்க்குத்தான் போகும். பீரோவில் வைப்போம், தலையணை உறைக்குள் வைப்போம், நான் ஜீப் சீட்டுக்கடியில்கூட வைத்திருக்கிறேன். மறுநாள் காலையில் புறப்படும் முன்பு, வீட்டு டப்பாவில் கையை விட்டு, பருமனாக, பச்சை மாறாத ஒரு காயைத் தேடி எடுத்து, கட்டின் மேல் விளிம்பில், காலுக்கும் கட்டுக்கும் இடையில் செருகிவிட்டேன்.

"வாசமா இருக்குப்பா" என்றாள்.

அடுத்த நாள் பார்த்தால் காயைக் காணோம். படுக்கையில் விழுந்திருக்கும் என்று நினைத்து இன்னொன்று வைத்தேன். அதற்கடுத்த நாளும் காணோம். மூன்றாவதையும் வைத்தேன். கீழே விழுந்த காயைத் தேட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஒன்றுமில்லாததற்கெல்லாம் பயப்படுகிறவன், பயப்பட வேண்டிய இடத்தில் மரமாக நின்றேன். செல்வியிடம் சொல்லவும் இல்லை. அவள் கையும் சேலையும் எப்போதும் ஏலக்காய்தான் மணக்கும். வீட்டில் அந்த வாசம் கொஞ்சம் கூடியிருப்பதை அவள் எப்படிக் கண்டுபிடிப்பாள்?

பேச்சியக்கா கேட்டது

பாறைக்கே திரும்புகிறேன். எறும்புப் படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு இறங்கி வந்தேன். பெண்கள் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார்கள். என் ஜீப்பில் வருகிறவர்களில் மூத்தவள் பேச்சியக்கா. இருபது வருஷமாக ஏலச் செடிக்கடியில் குனிந்து காய் பறிக்கிறவள். போனை அவளிடம் நீட்டினேன்.

பேச்சியக்கா சோற்றுக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை இடுக்கி வெகுநேரம் பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை.

"நேத்தும் எறும்புதான போட்டிருந்துச்சு?"

"ஆமாக்கா. நாலு நாளா எறும்புதான்."

"நேத்தைய படத்தைக் காட்டு."

காட்டினேன். அதற்கு முந்தின இரண்டு நாளையும் கேட்டாள். அதையும் காட்டினேன். முதல் நாள் கறுப்புப் பேனாவில் மூன்று எறும்பு. மறுநாள் பத்துப் பன்னிரண்டு. நேற்று பாதி கறுப்பு, பாதி சிவப்பு. இன்றைக்குக் கறுப்பின்மேலும் சிவப்பைத் தீட்டி, எல்லாம் சிவப்பு. நாலு படத்திலும் இடம் ஒன்றேதான். கெண்டைக்கால் பக்கம், முழங்காலுக்கு ஒரு சாண் கீழே.

"எறும்பு சும்மா ஒரு எடத்துல கூடாது டிரைவர் தம்பி" என்றாள் பேச்சியக்கா. "அங்க என்னமோ இருக்கு. பிள்ளைகிட்டக் கேளு."

பாறைக்கு ஓடி, போனைத் தூக்கிப் பிடித்து ஸ்பீக்கரில் போட்டேன். இரண்டு தடவை மணி அடித்து அறுந்தது. மூன்றாவது தடவை எடுத்தாள்.

"ஆத்தா, கால்ல வலிக்குதா?"

சிக்னல் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன். போகவில்லை.

"ஹரிணி, அப்பா கேக்குறேன்ல. எறும்பு போட்டிருக்கேல்ல, அந்த எடத்துல வலிக்குதா?"

"ம்."

"எத்தனை நாளா?"

"தெரியலப்பா. காந்துது."

"ஏன்த்தா சொல்லலை?"

"நீதான சொல்லக் கூடாது, வரையணும்ன. நான் தினமும் வரைஞ்சேன்ல."

பாறையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

பதினேழு வளைவு

எழுந்து செல்விக்குப் போன் போட்டு, பிள்ளையை ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். "வெரசாப் போ, அப்புறம் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். ஏலக்காயைச் சொல்ல வாய் வரவில்லை. அப்போதுதான் எனக்கு அந்தக் காய்கள் ஞாபகத்துக்கு வந்திருந்தன. மூன்றும் எங்கே போயிருக்கும் என்று அப்போதுதான் புரிந்தது.

வண்டியைக் கிளப்பும்போது சாவி துவாரத்தில் நுழையவில்லை. பேச்சியக்கா கையைக் கழுவிக்கொண்டு வந்து முன் சீட்டில் ஏறிவிட்டாள்.

"நீ எதுக்குக்கா?"

"ஒன் கையைப் பாரு. ஒத்தையில எறங்க விடமாட்டேன். மத்த பொம்பளைகளைப் பக்கத்து எஸ்டேட் ஜீப்புல ஏறச் சொல்லியாச்சு. சூப்பர்வைசருகிட்டயும் சொல்லிட்டேன். நீ ரோட்டைப் பாத்து ஓட்டு."

போடிமெட்டில் மஞ்சு இறங்கியிருந்தது. ஹெட்லைட் போட்டும் பத்தடிக்கு மேல் தெரியவில்லை. பதினேழு கொண்டை ஊசி வளைவையும் கண்ணை மூடிக்கொண்டு இறங்குவேன் என்று பீற்றினவன்தான். அன்றைக்கு ஒவ்வொரு வளைவும் புதுசாக இருந்தது. வேகமாகப் போனால் கவிழ்ந்துவிடுவேனோ என்று பயம். மெதுவாகப் போனால் பிள்ளையின் கால் போய்விடுமோ என்று பயம்.

பாதி மலையில் ஒரு லோடு லாரி வளைவில் திரும்ப முடியாமல் குறுக்கே நின்றது. முன்னால் வரிசையாக வண்டிகள். இறங்கிப் போய்க் கத்தினேன். கிளீனர் என்னைவிடச் சத்தமாகக் கத்தினான். திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

"அந்த நோட்டை எடுத்து எதையாவது கிறுக்கு" என்றாள் பேச்சியக்கா. "சும்மா இருந்தா ஒனக்குப் பைத்தியம் பிடிச்சிரும்."

எடுத்தேன். பழக்கத்தில் கண்ணை மூடி, பேனாவைச் சுழற்றினேன். திறந்து பார்த்தேன். எந்த வளைவைப் பார்த்தாலும் காலாகத் தெரிந்தது. எந்தப் புள்ளியைப் பார்த்தாலும் எறும்பாகத் தெரிந்தது. நோட்டை மூடிப் பின் சீட்டில் எறிந்தேன். லாரி ஒருவழியாகத் திரும்பியதும் வண்டியைக் கிளப்பினேன். பேச்சியக்கா தன் குலசாமி பெயரை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். எந்தச் சாமி என்று கேட்டு நானும் அதையே முணுமுணுத்தேன்.

கட்டைப் பிரித்தபோது

ஆஸ்பத்திரியில் ஹரிணியை மேஜைமேல் படுக்க வைத்திருந்தார்கள். செல்வி தலைமாட்டில் நின்றாள். குடோனிலிருந்து அப்படியே வந்திருந்ததால் சேலையில் ஏலத் தூசி. டாக்டரம்மா எறும்புகளைப் பார்த்துவிட்டு, "யார் போட்டது?" என்றார். "நான்தான்" என்றாள் ஹரிணி. டாக்டரம்மா வேறெதுவும் கேட்காமல், எறும்புகள் மொய்த்த இடத்துக்கு நேராகச் சின்ன ரம்பத்தை வைத்தார்.

அந்த ரம்பச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. ஹரிணி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. "வலிச்சா கத்து ஆத்தா, கத்து" என்றேன். என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

கட்டு பிளந்ததும் முதலில் வந்தது ஏலக்காய் வாசம். அதற்குப் பின்னால்தான் அந்த இன்னொரு நாற்றம் வந்தது. டாக்டரம்மா இடுக்கியை விட்டு ஒன்றொன்றாக எடுத்து ஸ்டீல் கிண்ணத்தில் போட்டார். மூன்று காய். வேர்வையில் ஊறி, கறுத்து, உப்பியிருந்தன. மூன்றும் ஒரே இடத்தில் சிக்கி, இறுக்கத்தில் தோலுக்குள் பதிந்து புண்ணாக்கி, புண் சீழ் வைத்திருந்தது.

"ஆழமாத்தான் போயிருக்கு. எலும்புவரைக்கும் போகலை" என்றார் டாக்டரம்மா. "இன்னும் ரெண்டு மூணு நாள் விட்டிருந்தா இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். நாத்தம் வந்திருக்குமே, யாருமா கவனிக்கலை?"

செல்வி கிண்ணத்துக்குள் பார்த்தாள். நாளெல்லாம் சல்லடையில் காயை எம்எம் கணக்கில் பருமன் பார்த்துப் பிரிக்கிறவள். ஊறிப்போன காயை விரலால் உருட்டிப் பார்த்தாள்.

"இது எப்படி உள்ள போச்சு?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஹரிணி சொன்னாள். "அப்பாதான்மா வச்சாரு. வாசமா இருக்கும்னு."

அவள் என்னைக் காட்டிக்கொடுக்கச் சொல்லவில்லை. எனக்குப் பெருமை சேர்ப்பதாக நினைத்துச் சொன்னாள்.

செல்வி என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"எட்டு எம்எம் காயி" என்றாள். "நல்ல காயாப் பாத்துத்தான் வச்சிருக்கீக."

வெளியே பெஞ்சில் பேச்சியக்கா உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து அழுதேன். இத்தனை பேர் படிக்கிற பத்திரிகையில் எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. எழுதிவிட்டேன்.

வெள்ளைத்தாள்

புண்ணைச் சுத்தம் செய்து, புதுக் கட்டுப் போட்டு, மருந்து வைப்பதற்கு அதில் ஜன்னல் மாதிரி ஒரு சதுரம் விட்டிருந்தார்கள். பத்து நாள் கழித்து நான் மறுபடி மலைக்குப் போனேன். வீட்டில் சட்டத்தைத் திருத்தியிருந்தோம். வலித்தால் வாயால் சொல்ல வேண்டும், எத்தனை தடவை வேண்டுமானாலும். போரடித்தால் மட்டும்தான் படம்.

முதல் நாள் மத்தியானம் பாறைமேல் நின்றேன். படம் வந்தது. வெறும் வெள்ளைத்தாள். ஒரு புள்ளிகூட இல்லை.

என்னென்னவெல்லாம் நினைத்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். வரையக்கூட முடியாமல் கிடக்கிறாளோ, கையில் ஏதாவது ஆகிவிட்டதோ, வேறு யாராவது அனுப்பினார்களோ. இரண்டு தடவை தப்பான நம்பரை அழுத்தினேன்.

"என்னாத்தா ஆச்சு? வலிக்குதா?"

"இல்லப்பா. கண்ணை மூடிக்கிட்டு வரைஞ்சேன். தெறந்து பாத்தா ஒண்ணுமே இல்ல. பேனாவுல மை தீந்துபோச்சு. வர்றப்ப வேற கொண்டா."

"வலிக்கலையே?"

"இல்லைங்கிறேன்ல. வலிச்சா கத்துவேன்."

இரண்டு பேனாவுக்கு நாலு பேனாவாக வாங்கிக்கொண்டு இறங்கினேன்.

கட்டை எடுத்துவிட்டார்கள். நடக்கிறாள், ஓடுகிறாள், சைக்கிளைக்கூடக் கேட்கிறாள். கெண்டைக்கால் பக்கம் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத் தழும்பு இருக்கிறது. நான் தினமும் சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் குனிந்து அந்த இடத்தை மோந்து பார்க்கிறேன். அவளுக்குக் கூச்சம், நெளிந்து சிரிக்கிறாள். எங்கள் வீட்டில் எதை மோந்தாலும் ஏலக்காய் வாசம்தான் வருகிறது. அதை நம்ப முடியவில்லை. அதனால் நிமிர்ந்து, அவள் முகத்தைப் பார்த்து, வாயாலும் கேட்டுவிடுகிறேன்.

"வலிக்குதா ஆத்தா?"